மேல்வீட்டுக்குப் போன காளான்

காளான் பறிக்கப் போவதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. அங்கே ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த பெண் மருங்காபுரிப் பக்கத்துக்காரர், என் வயதுதான். ஒரு புரட்டாசியில் மதியச் சாப்பாட்டு டப்பாவில் அவர் காளான் குழம்பு கொண்டுவந்திருந்தார். ஒரு கரண்டி எனக்கும் போட்டார். கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கும் காளானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நார் நாராகப் பிரிந்தது, மழை பெய்த மண்ணின் வாசனை அடித்தது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். வாங்கவில்லை, நடந்து போய்ப் பறித்தது என்றார்.

அடுத்த சனிக்கிழமை துவரங்குறிச்சி பஸ் ஏறி அவருடன் போனேன். வானம் பார்த்த பூமி. கடலைக்காட்டு வரப்பு, ஆட்டுப்பாதை, கள்ளிவேலிச் சந்து என்று நாலு மணி நேரம் நடந்தோம். மொத்தம் பதினோரு காளான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து கால் வலியோடு படுத்தபோது, பல வருஷம் கழித்து அன்றைக்குத்தான் யாருக்கும் எதுவும் செய்யாமல் ஒரு நாளைக் கழித்திருக்கிறேன் என்று தோன்றியது.

பிறகு எனக்கென்று ஒரு பாதை கண்டுபிடித்தேன். எங்கள் குடியிருப்பு திருவெறும்பூரில். நவல்பட்டு தாண்டி ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் தெற்கே ஒரு வண்டிப்பாதை போகும். ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் பிளாட் போட்ட கற்கள், வெயிலில் வெளுத்துக் கிழிந்த கலர்க் கொடிகள். அதைத் தாண்டினால் சீமைக்கருவேலங்காடு, செம்மண் கொல்லை, ஒரு சின்ன ஏரி. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பு. இடி இடித்து மழை பெய்த மூன்றாம் நாள் விடிகாலையில் போக வேண்டும். வெயில் ஏறினால் மொக்கு விரிந்து, புழு வைத்துவிடும்.

நான் பறித்தது புற்றுக்காளான் மட்டும்தான். கறையான் புற்று இருக்கும் இடத்தில்தான் அது பூக்கும். புற்று மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும் என்பதில்லை. தண்டுக்குக் கீழே வேர் மாதிரி ஒன்று ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கும். குச்சியால் மண்ணை நெம்பி அந்த வேரோடு எடுப்பேன். வேர் இல்லாத எதையும் தொடுவதில்லை என்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட எங்கள் வீட்டில் யாருக்கும் வயிறு வலித்ததில்லை. சமையல் என் மாமியார் கற்றுக்கொடுத்தது, அலுவலக வேலை என் மேலதிகாரி சொல்லிக்கொடுத்தது. இது ஒன்றுதான் நானாகப் போய்த் தெரிந்துகொண்டது. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்று இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கணவருக்குச் சர்க்கரை வந்து, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு அவரும் என்னோடு வர ஆரம்பித்தார். அவர் திருவெறும்பூரிலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாதையில் நான் முன்னால் போவேன், அவர் பின்னால் செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டு வருவார். முதல் வருஷம் ஒரு நாள் துண்டு நிறைய வெள்ளை வெள்ளையாக எதையோ அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். முகமெல்லாம் சந்தோஷம். ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் துண்டைப் பார்த்ததுமே, "இது நாய்க்குடைங்க. இதைத் தின்னா நேரா ஓயாமரி சுடுகாடுதான்" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தப் பெண்களும் சிரித்தார்கள். அவர் துண்டை உதறிவிட்டு, பாட்டையும் நிறுத்திவிட்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

எங்களுக்கு மேல்வீட்டில் இருந்தவர் என் கணவரின் பிரிவுக்கு அதிகாரி. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரே பெண். பட்டப்படிப்பு முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்கு இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தது. முதல் கட்டத்தில் தேறி, முதன்மைத் தேர்வுக்கு வந்திருந்தது. இதுதான் கடைசித் தடவை, இதுவும் இல்லையென்றால் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். மாடியில் அந்தப் பெண் நடந்துகொண்டே படிக்கும் காலடிச் சத்தம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்கும். நான் டிவி சத்தத்தைக் குறைத்துவைப்பேன்.

காளான் பற்றி அக்காவிடம் பேசியிருக்கிறேன். ஒரு தடவை கொடு, பார்க்கிறேன் என்று அவர் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால் நல்ல மழை. சனிக்கிழமை காலை நாங்கள் போனோம். ஏரிக்கரையின் கீழே ஒரே இடத்தில் முப்பது நாற்பது மொக்கு. ஒவ்வொன்றாக வேரோடு எடுத்துக் கூடையில் அடுக்கினேன். என் கணவர் மாந்தோப்புப் பக்கம் உலாத்திவிட்டு வந்தார். ஒன்பதரைக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டோம். சமையலறைத் தரையில் காளானைப் பரப்பி, மண் தட்டி, எங்களுக்குப் பாதி, அக்காவுக்குப் பாதி என்று பிரித்தேன். அக்கா வீட்டுக்கானதை ஒரு மஞ்சப்பையில் போட்டு, மேலே கொடுத்துவிட்டு வரச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் திருப்தியாகச் சாப்பிட்டோம்.

மூன்று மணிக்கு மேல்வீட்டில் யாரோ ஓடும் சத்தம். பிறகு அக்காவின் குரல். நான் மேலே போனபோது அந்தப் பெண் குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தது. வாந்தி நிற்கவில்லை, வயிற்றாலும் போய்க்கொண்டிருந்தது. அக்காவும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அவர் கணவர் அன்று டூட்டியில் இருந்தார், சாப்பிடவில்லை. என் கணவர்தான் ஆட்டோ பிடித்து, இரண்டு பேரையும் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

காளான் சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மிச்சத்தைக் கொண்டுவரச் சொன்னார். அக்கா கழுவிக் கொட்டிவிட்டிருந்தார். நாங்களும் அதையேதான் சாப்பிட்டோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. மேல்வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து சீருடையோடு வந்து சேர்ந்தார். என்னிடம் பேசவில்லை. என் கணவரிடம், எங்கே பறித்தீர்கள் என்று கேட்டார்.

"அவதான் சார் பறிச்சா. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றார் என் கணவர்.

உண்மைதானே என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டு நாளும் அவர் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. மருந்து வாங்கினார், இளநீர் வாங்கினார், ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை, மற்ற பிள்ளைகளெல்லாம் தேர்வு மையத்து வாசலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெண் கையில் டிரிப்ஸ் ஊசியோடு மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அழவில்லை. நான் பக்கத்தில் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் தேர்வு போனது போனதுதான். தை மாதம் அதற்குக் கல்யாணம் நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை வந்தது, என் கணவர் பெயருக்கு மட்டும்.

இதற்கு நடுவில் நவராத்திரி வந்தது. எங்கள் குடியிருப்பில் ஏழெட்டு வீடுகளில் கொலு வைப்போம். அந்த வருஷமும் வைத்தேன். பெண்கள் வந்தார்கள், பொம்மையைப் பார்த்தார்கள், பாடச் சொன்னால் பாடினார்கள். சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறோம் என்றார்கள். மறுநாள் காலை குப்பை கொட்டப் போனபோது, மாடிப்படிக்குக் கீழே இருந்த டிரம்மில் என் சுண்டல் கிடந்தது. நான் வாங்கிவந்த பாக்குமட்டைக் கிண்ணங்கள், எல்லாம் அப்படியே. குனிந்து எண்ணவில்லை, ஆனால் யாரும் ஒரு பருப்புகூட வாயில் போடவில்லை என்று தெரிந்தது.

கல்லூரியில் அந்த ஆய்வகத் தோழியிடம் நடந்ததைச் சொன்னேன். வேரோடு எடுத்தீர்களா என்று ஒரே கேள்விதான் கேட்டார். எடுத்தேன் என்றேன். அப்படியானால் அது நீங்கள் பறித்ததாக இருக்காது என்றார். நான் அவரை நம்பவில்லை. என்னையே நம்பாதவள் அவரை எப்படி நம்புவது? கூடத்தில் உட்கார்ந்து அந்தக் காலைப்பொழுதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். அந்த ஓரத்தில் இருந்ததைச் சரியாகப் பார்த்தேனா, பேச்சுக் கவனத்தில் ஏதாவது கலந்துவிட்டதா, கண்ணாடி பவர் மாறியிருந்ததா. இப்படி ஆறு வருஷம். காளான் பறிக்கும் குச்சியை விறகுக்குப் போட்டேன். அந்தப் பாதைப் பக்கமே போகவில்லை. மழை பெய்த மறுநாள் மண் வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்துவேன். இரவு தூக்கம் வராமல் புரண்டால் என் கணவர், "விடு. தெரியாம நடந்தது. யாரும் உன்னைக் கேட்கப்போறதில்லை" என்பார். அந்த ஆறுதலுக்காக அவரிடம் நன்றியோடு இருந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மேல்வீட்டுக்காரர் ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண் புகுந்த வீட்டில் இருக்க முடியாமல் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவரும் ஓய்வு பெற்றிருந்தார். தோசை சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ விஷக்காளான்களைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், புல்தரையில் வளரும், குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் முற்றினால் பச்சையாகிவிடும் என்று குரல் ஓடியது.

"அட, அன்னைக்கு நான் பறிச்சது இதே மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

தோசைக்கல்லின் முன்னால் நின்றிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். அவர் செல்போனை அணைத்துவிட்டார்.

என்றைக்கு என்று கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தேன். துண்டு துண்டாக வெளியே வந்தது. அன்று மாந்தோப்புப் புல்லில் நாலு பெரிய காளானை அவர் பறித்திருக்கிறார். என்னிடம் காட்டினால் மறுபடியும் சிரிப்பேன் என்று துண்டில் சுற்றி மறைத்துக் கொண்டுவந்து, வண்டிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு மேலே போகும் வழியில் வண்டிப் பெட்டியைத் திறந்து, நாலையும் தண்டை நறுக்கி, பையின் அடியில் சேர்த்திருக்கிறார்.

"நீ குடுத்தது எல்லாம் சின்னச் சின்ன மொக்கு. அதிகாரி வீட்டுக்கு அதை மட்டும் எப்படிக் கொண்டுபோய்க் குடுக்கிறது? நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டேன்" என்றார்.

தெரியாமல் போட்டதற்கு நான் கோபப்படவில்லை. நான் சிரித்திருக்காவிட்டால் அவர் என்னிடம் காட்டியிருப்பார். அந்தப் பங்கு என்னுடையது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தபோது தெரிந்திருக்கிறது. ஆறு வருஷமாக, பக்கத்தில் படுத்து, விடு விடு என்று சொன்னபோதெல்லாம் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்கு என்ன போச்சு? நாலு பொம்பளைங்க பேசினாங்க, அவ்வளவுதானே. நான்னு தெரிஞ்சிருந்தா அந்த மனுஷன் என் வேலைக்கே வேட்டு வெச்சிருப்பார்."

எனக்கு என்ன போயிற்று என்று அவருக்கு விளங்க வைக்க வார்த்தை தேடினேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அதன்பிறகு முதல் மழை வந்ததும் தனியாக அந்தப் பாதைக்குப் போனேன். பிளாட் கற்கள் ஏரி வரைக்கும் வந்திருந்தன. கருவேலங்காட்டில் பாதியை ஜேசிபி தள்ளியிருந்தது. மாந்தோப்பில் பாதி மரங்கள் மிச்சம் இருந்தன. அடியில் ஈரப் புல்லில், தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடைகள், ஐந்தாறு. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் பாசி படிந்த மாதிரி பச்சை. என் கையில் வந்திருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, தூக்கி எறிந்திருப்பேன். செம்மண்ணில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்துக்குப் போகப்போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். இத்தனை வருஷம் கழித்து யாருக்கு லாபம் என்றார். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள், எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றார். நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறி, மத்தியானம் போய்ச் சேர்ந்தேன்.

அக்காதான் கதவைத் திறந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஒரு கணம் நின்றுவிட்டு, வாங்க என்றார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். என் கணவர் ஒப்புக்கொண்டதையும், நான் சிரித்ததையும் சேர்த்தே சொன்னேன். செல்போனில் இருந்த படத்தை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"ஆறு வருஷம் கழிச்சு, கட்டின புருஷன் தலையில தூக்கிப் போட வந்திருக்கீங்களா?" என்றார்.

இல்லை அக்கா, அவரே சொன்னதுதான் என்றேன்.

"அந்த மனுஷன் ரெண்டு நாள் எங்களுக்காக ஆஸ்பத்திரியில பச்சத்தண்ணி குடிக்காம நின்னார். கூடப் பிறந்தவங்க செய்ய மாட்டாங்க. நீங்க அன்னைக்கு ஒரு ஓரமா நின்னு, நாங்களும் சாப்பிட்டோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அது மறக்கலை."

அவர் குரலை உயர்த்தவில்லை. என் கணவரிடம் கேளுங்கள், நானே இப்போது போன் போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவரைக் கேட்டு அவர் என்ன சொன்னாலும், நீங்கள் மிரட்டிச் சொல்ல வைத்ததாகத்தான் நான் நினைப்பேன் என்றார்.

உள்ளறையிலிருந்து அந்தப் பெண் வந்தது. இடுப்பில் குழந்தை. மெலிந்திருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். தண்டு நறுக்கிய பெரிய காளான் நாலு பைக்கு அடியில் இருந்ததா, உனக்கு ஞாபகம் இருக்கிறதாம்மா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அது குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டது.

"இருந்துச்சு ஆன்ட்டி. நான்தான் அரிஞ்சு குடுத்தேன்" என்றது. அக்கா அதட்டுவதற்குள், "யார் பறிச்சா என்ன, சாப்பிட்டது நான்தானே. இனிமே இதைப் பேச வராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

போயிட்டு வரேன் என்று சொல்ல வாய் வந்தது. வரக் கூடாது என்று சொன்ன வீட்டில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். படியிறங்கும்போது மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஐந்தரை மணி. என் கணவர் டிவியைப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நம்பலை" என்றேன்.

"யாருமே நம்பலையா?"

அந்தப் பெண் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அக்கா நம்பலை. உங்களை மாதிரி மனுஷன் கிடைக்கமாட்டாராம்" என்றேன்.

அவர் தோள் இரண்டும் மெல்ல இறங்கியதைப் பார்த்தேன். முகத்தில் மறுபடியும் களை வந்தது. அதை மறைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். பால் பாத்திரத்தைத் தேடும் சத்தம் கேட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவர் எனக்குக் காபி போட்டது அன்றைக்குத்தான். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, சர்க்கரை சரியாக இருக்கிறதா பார் என்றார்.

காபியின் மேல் ஆடை படியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.